ஒரு கிலோ குழந்தை, அரை மில்லி கணக்கு: என்.ஐ.சி.யூ. செவிலியரின் வேலை

ஒரு கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தையின் உடலில் ஓடும் ரத்தம் மொத்தமே 80 முதல் 100 மில்லிதான். பரிசோதனைக்கு ஒரு மில்லி எடுத்தால் நூறில் ஒரு பங்கு போய்விடுகிறது. பெரியவர் ஒருவரிடம் 50 மில்லி உறிஞ்சியதற்கு அது சமம். அதனால்தான் குறைமாதக் குழந்தைகள் இருக்கும் என்.ஐ.சி.யூ.வில், அதாவது பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், இன்று எவ்வளவு ரத்தம் எடுத்தோம் என்பதையும் எழுதிக் கூட்டிக்கொண்டே வருவார்கள். மருந்து, பால், சூடு, காற்றழுத்தம் என்று அங்கே எல்லாமே இந்த அளவில்தான் நடக்கிறது. அளவு சுருங்கச் சுருங்க, தவறு செய்தால் தாங்கும் இடமும் சுருங்கிவிடும். அந்தக் குறுகிய இடத்தில் இருபத்துநான்கு மணி நேரமும் நிற்பவர் செவிலியர். மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகும் குழந்தையின் பக்கத்தில் இருப்பவர் அவர்தான்.

யாருக்கான பிரிவு இது

37 வாரம் நிறைவதற்குள் பிறந்தால் குறைமாதம். 28 வாரத்துக்கு முன் பிறந்தால் மிகமிகக் குறைமாதம். எடையை வைத்துப் பார்த்தால் 2,500 கிராமுக்குக் கீழே குறைந்த எடை, 1,500-க்குக் கீழே மிகக் குறைவு, 1,000-க்குக் கீழே மிகமிகக் குறைவு. புதிதாக வேலைக்கு வருபவர்கள் சின்னஞ்சிறு குழந்தையைக் கண்டுதான் பயப்படுவார்கள். ஆனால் ஏமாற்றுவது 35 வாரக் குழந்தைதான். பார்க்க நிறைமாதம் போலவே இருக்கும். பால் இழுத்துக் குடிக்கத் தெம்பு இருக்காது. சத்தமில்லாமல் ரத்தச் சர்க்கரை இறங்கும், மஞ்சள் காமாலை ஏறும்.

நிறைமாதக் குழந்தைகளும் இங்கே வருவார்கள். பிறக்கும்போது மூச்சுத்திணறியவர்கள், கருப்பையிலேயே மலம் கழித்து அதை மூச்சில் இழுத்துக்கொண்டவர்கள், தொற்று உள்ளவர்கள், நீரிழிவு உள்ள தாய்க்குப் பிறந்து சர்க்கரை குறைந்தவர்கள், பிறவிக் குறைபாட்டுக்கு அறுவை சிகிச்சை வேண்டியவர்கள்.

சூடுதான் முதல் மருந்து

குறைமாதக் குழந்தைக்குத் தோல் மெல்லியது, தோலுக்கடியில் கொழுப்பு இல்லை, குளிரில் நடுங்கி வெப்பம் உண்டாக்கவும் தெரியாது. அக்குளில் அளந்தால் வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் குழந்தை சூட்டை மீட்க ஆக்சிஜனையும் குளுக்கோஸையும் எரிக்கத் தொடங்கும். அதாவது, குளிர்ந்த குழந்தைக்குச் சற்று நேரத்தில் மூச்சும் மோசமாகும், சர்க்கரையும் இறங்கும். மூன்றையும் தனித்தனிப் பிரச்சினைகளாகப் பார்த்து மூன்று வைத்தியம் செய்யும் முன்பு தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

பிறந்த நிமிடத்தில் சூடு பெரும்பாலும் ஈரம் ஆவியாவதால்தான் போகிறது. நிறைமாதக் குழந்தையைத் துடைத்து உலர்த்துவோம். 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு முறை வேறு: உடம்பைத் துடைக்காமல் அப்படியே கழுத்துவரை சுத்தமான பாலிதீன் பைக்குள் வைத்து, தலையை மட்டும் உலர்த்திக் குல்லா போட்டு, மேலிருந்து சூடு தரும் வார்மரின் கீழே கிடத்துவார்கள். பை ஆவியாதலைத் தடுக்கிறது. மேலிருந்து வரும் கதிர் வெப்பம் பையைத் தாண்டி உடம்பைத் தொடும். பிறகு இன்குபேட்டருக்குள் ஈரப்பதமும் சேர்த்துக் கொடுக்கப்படும். மிகமிகக் குறைமாதக் குழந்தைக்கு முதல் வாரம் 70 முதல் 80 சதவீதம் வரை வைத்து, தோல் தடிக்கத் தடிக்கக் குறைத்துக்கொண்டே வருவார்கள்.

கவனிக்க வேண்டிய இடம் வயிற்றின் மேல் ஒட்டும் தோல் சென்சார். சென்சார் சொல்லும் வெப்பத்தை வைத்துத்தான் வார்மர் தன் சூட்டைக் கூட்டிக் குறைக்கிறது. அது கழன்று விழுந்தால், குழந்தை குளிர்ந்துவிட்டதாக நினைத்து வார்மர் முழு வேகத்தில் கொதிக்கும். குழந்தை வெந்துபோகும் அபாயம் உண்டு. குழந்தை சென்சாரின் மேலேயே படுத்திருந்தால் நேர் எதிர்: அதிகச் சூடு என்று காட்டி வார்மர் அடங்கிவிடும், குழந்தை குளிரும். ஆகவே சென்சார் ஒட்டியிருக்கிறதா, எங்கே ஒட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். எண்ணைப் பார்த்தால் போதாது.

இன்னொரு நுட்பம். குழந்தையின் வெப்பம் காலையிலிருந்து 36.8-லேயே நிற்கிறது, சார்ட் அழகாக இருக்கிறது. ஆனால் அதை அங்கே நிறுத்த இன்குபேட்டர் காற்றின் சூட்டை எவ்வளவு ஏற்றியிருக்கிறது அல்லது இறக்கியிருக்கிறது? நேற்று 33 டிகிரியில் ஓடிய இயந்திரம் இன்று 36 கேட்கிறது என்றால் குழந்தைக்குள் ஏதோ மாறியிருக்கிறது. வயிற்றுக்கும் பாதத்துக்கும் இடையே வெப்ப வித்தியாசம் 2 டிகிரிக்கு மேல் விரிவதும் அப்படித்தான்: குளிர், நீரிழப்பு, தொற்று என்று மூன்றில் ஒன்று இருக்கக்கூடும்.

இந்தச் சூட்டு விதிக்கு ஒரு விலக்கு உண்டு. பிறக்கும்போது ஆக்சிஜன் கிடைக்காமல் மூளை பாதிக்கப்பட்ட நிறைமாத, அல்லது அதை நெருங்கிய குழந்தையை, வேண்டுமென்றே 33 முதல் 34 டிகிரிக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் வைப்பார்கள். பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். மீண்டும் சூடேற்றுவது மணிக்கு அரை டிகிரிக்கு மேல் போகக் கூடாது. அவசரப்பட்டால் வலிப்பு வரலாம், ரத்த அழுத்தம் சரியலாம்.

மூச்சு

நுரையீரலின் காற்றறைகள் மூச்சை விடும்போது ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பான பொருள். அது போதுமான அளவு சுரக்க 34, 35 வாரம் ஆகும். குறைமாதக் குழந்தையின் மூச்சுத்திணறலுக்கு இதன் பற்றாக்குறையே காரணம் என்று 1959-ல் மருத்துவர் மேரி எலன் ஏவரி காட்டினார். இன்று சர்ஃபாக்டன்டை நேராக மூச்சுக்குழாயில் கொடுக்க முடிகிறது. அதற்கு முன்னும் பின்னும் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கைகொடுப்பது சிபாப்: மூக்கு வழியே இடைவிடாமல் 5 முதல் 8 சென்டிமீட்டர் நீர்மட்ட அழுத்தத்தில் காற்றைக் கொடுத்து, காற்றறைகளை விரித்தபடியே வைத்திருக்கும் முறை.

குமிழி சிபாப்பில் அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். குழந்தையிடமிருந்து வரும் குழாயின் நுனி தண்ணீர்ப் பாட்டிலுக்குள் 5 சென்டிமீட்டர் மூழ்கியிருந்தால் அழுத்தம் 5. குமிழி வந்துகொண்டிருந்தால் காற்று சேருகிறது. குமிழி நின்றால் எங்கோ கசிகிறது: மூக்குக்குழல் சிறியதாக இருக்கலாம், வாய் திறந்திருக்கலாம், இணைப்பு கழன்றிருக்கலாம். பாட்டிலைத் தட்டுவதால் எதுவும் ஆகாது. குழந்தையிலிருந்து தொடங்கிக் குழாய் வழியே கைவைத்துக்கொண்டே போக வேண்டும். குழாயில் தேங்கும் நீரைக் குழந்தையின் பக்கம் சாயாமல் வடிக்க வேண்டும். வயிற்றுக்குள் போகும் காற்று வெளியேற, வாய்வழியாக வயிற்றுக்குள் செருகிய டியூபின் மேல்நுனியைத் திறந்து வைக்க வேண்டும்.

சிபாப்பில் பெரும்பாலும் செவிலியரின் கவனக்குறைவால் வரும் காயம் ஒன்று: மூக்கின் நடுத்தண்டு அழுந்திப் புண்ணாவது. மூக்குக்குழல் நடுத்தண்டைத் தொடவே கூடாது. இடையில் 2 மில்லிமீட்டராவது இடைவெளி தெரிய வேண்டும். குழலைப் பிடித்திருக்கும் குல்லா தளர்ந்தால் குழல் ஆடும், இறுக்கினால் அழுத்தும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை குழலைக் கழற்றி மூக்கைப் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் அன்றே மாஸ்க்குக்கு மாற்றிவிடலாம். கறுத்தபின் மாற்றிப் பலனில்லை.

ஆக்சிஜன் ஒரு மருந்து. அதற்கும் அளவு உண்டு. 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் தாராளமாக ஆக்சிஜன் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பார்வை இழந்தார்கள். விழித்திரையின் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்ததே காரணம். பயந்துபோய்க் குறைத்தபோது உயிர்கள் போயின. இன்று பெரும்பாலான இடங்களில், ஆக்சிஜன் பெறும் குறைமாதக் குழந்தைக்கு மானிட்டரில் தெரியும் ரத்த ஆக்சிஜன் செறிவு 90 முதல் 95 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்பதே குறி. குழந்தை ஆக்சிஜனில் இருக்கும்போது மேல்வரம்பு அலாரமும் கீழ்வரம்பு அலாரமும் சமம். 99 என்று காட்டினால் நிம்மதி கொள்ளாதீர்கள்.

அலாரம் அடித்தால் மானிட்டரை நோக்கிக் கை போவது மனித இயல்பு. முதலில் குழந்தையைப் பாருங்கள். நிறம் எப்படி, மார்பு ஏறி இறங்குகிறதா, கழுத்து மடங்கி மூச்சுவழி அடைத்திருக்கிறதா? 20 வினாடிக்கு மேல் மூச்சு நின்றால், அல்லது அதற்குள்ளேயே இதயத்துடிப்பு 100-க்குக் கீழே சரிந்தால் அது மூச்சு நிற்றல். கழுத்தை நேராக்கி, உள்ளங்காலையோ முதுகையோ மெல்லத் தேய்த்தால் பெரும்பாலும் மூச்சு திரும்பும். திரும்பவில்லையென்றால் மாஸ்க் வைத்து, கையால் அமுக்கும் ஆம்பு பையால் மூச்சு கொடுக்க வேண்டும். அதனால்தான் ஷிஃப்ட் தொடங்கியதும் ஒவ்வொரு படுக்கையிலும் அந்தக் குழந்தையின் முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க், பை, உறிஞ்சி, ஆக்சிஜன் இணைப்பு நான்கும் வேலை செய்கின்றனவா என்று கையால் சோதிக்க வேண்டும். ஆக்சிஜனைக் கூட்ட நேர்ந்தால் சிறிது சிறிதாகக் கூட்டி, செறிவு ஏறியதும் பழைய அளவுக்கு இறக்கிவிட்டுத்தான் அந்த இடத்தை விட்டு நகர வேண்டும்.

இந்த மூச்சு நிற்றலுக்குக் கொடுக்கப்படும் மருந்து கஃபீன். சிட்ரேட் வடிவில் முதல் டோஸ் கிலோவுக்கு 20 மி.கி., மறுநாளிலிருந்து தினமும் 5 முதல் 10 மி.கி. கஃபீனில் இருக்கும் குழந்தைக்கு மூச்சு நிற்பது திடீரென்று அதிகரித்தால் டோஸைக் கூட்டச் சொல்லும் முன் தொற்று இருக்கிறதா என்று யோசியுங்கள்.

புள்ளி ஒன்று தவறினால்

ஒரு கிலோ குழந்தைக்கு முதல் நாள் 80 மில்லி திரவம் என்றால் மணிக்கு 3.3 மில்லி. சிரிஞ்ச் பம்ப் இல்லாமல் இந்த அளவைக் கொடுக்கவே முடியாது. மருந்து கொடுத்தபின் குழாயைக் கழுவ ஒவ்வொரு முறையும் ஒரு மில்லி சலைன் தள்ளினால், எட்டு முறையில் அன்றைய திரவத்தில் பத்தில் ஒரு பங்கு கணக்கில் வராமல் உள்ளே போயிருக்கும். அதையும் எழுத வேண்டும். வெளியே போவதையும் அளக்க வேண்டும்: நனைந்த டயபரின் எடையிலிருந்து உலர்ந்ததன் எடையைக் கழித்தால், ஒரு கிராமுக்கு ஒரு மில்லி சிறுநீர்.

மருந்தில் வரும் பயங்கரத் தவறு பத்து மடங்குத் தவறு. பெரியவர்களுக்கு மருந்தைப் பத்து மடங்கு எடுக்க வேண்டுமென்றால் பத்து ஆம்பூல் உடைக்க வேண்டும். யாருக்காவது சந்தேகம் வந்துவிடும். இங்கே 0.1 மில்லிக்குப் பதில் 1 மில்லி எடுத்தாலும் அது ஒரே சிரிஞ்சில் சாதாரணமாகத்தான் தெரியும். எனவே சில கறாரான பழக்கங்கள் உண்டு. புள்ளிக்கு முன் சுழியம் கட்டாயம்: 0.5. முழு எண்ணுக்குப் பின் சுழியம் கூடாது: 5 என்றால் 5 மட்டும், 5.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 50 ஆகிவிடும். இரண்டு செவிலியர் தனித்தனியாகக் கணக்குப் போட்டு விடை ஒத்துப்போக வேண்டும். ஒருவர் போட்ட கணக்கை மற்றவர் பார்த்துத் தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது.

குழாயின் உட்கொள்ளளவையும் மறக்கக் கூடாது. மருந்து சேரும் இடத்திலிருந்து குழந்தைவரை குழாய் ஒரு மில்லி பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 3.3 மில்லி ஓடினால் மருந்து குழந்தையை அடைய 18 நிமிடம். மணிக்கு 0.5 மில்லி என்றால் இரண்டு மணி நேரம். ரத்த அழுத்த மருந்தைத் தொடங்கிவிட்டு, பலன் இல்லையே என்று டோஸைக் கூட்டிக்கொண்டே போனால், எல்லாம் ஒருசேரப் போய்ச் சேரும்போது அழுத்தம் எகிறும். அதே குழாயில் அவசரமாக சலைனைத் தள்ளினாலும் உள்ளே நிற்கும் மருந்து மொத்தமும் ஒரே வீச்சில் இதயத்துக்குப் போய்விடும்.

கையில் ஊசி போட்ட இடத்தை மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஊசி நுழைந்த இடம் தெரியும்படி ஒளிபுகும் ஒட்டுதான் போட வேண்டும். குளுக்கோஸும் கால்சியமும் ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் தோல் வெந்ததுபோல் உரிந்துவிடும். பம்ப் அலாரம் அடிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். தசைக்குள் கசிந்தாலும் பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும்.

பால்

உறிஞ்சி, விழுங்கி, நடுவே மூச்சும் விடும் ஒழுங்கு 32 முதல் 34 வாரத்தில்தான் கைகூடும். அதுவரை டியூப் வழியாகப் பால். தாய்ப்பால்தான் முதல் தேர்வு, கிடைக்காவிட்டால் தானம் பெற்ற தாய்ப்பால். ருசிக்காகச் சொல்லும் அறிவுரை இல்லை இது: குடல் அழுகல் நோய் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குக் குறைவாகவே வருகிறது.

வாய்வழி டியூபின் நீளத்தை அளப்பது இப்படி: வாயின் ஓரத்திலிருந்து காதுமடலின் நுனி, அங்கிருந்து மார்பெலும்பின் கீழ்நுனிக்கும் தொப்புளுக்கும் நடுப்புள்ளி. செருகியபின் உதட்டருகே எத்தனை சென்டிமீட்டர் என்று குறித்துவைத்து, ஒவ்வொரு முறையும் பால் கொடுக்கும் முன் அதே எண் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வயிற்றிலிருந்து சிறிது திரவம் உறிஞ்சி pH தாளில் வைத்தால் 5.5 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். காற்றைத் தள்ளி ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்பது பழைய பழக்கம். நுரையீரலில் போனாலும் அதே சத்தம் கேட்கும். பிஸ்டனை எடுத்துவிட்ட சிரிஞ்சில் பாலை ஊற்றி, குழந்தைக்குச் சற்று மேலே பிடித்தால் தானாக இறங்கும். நேரமில்லை என்று பிஸ்டனால் தள்ளினால் வாந்தி, மூச்சு நிற்றல். டியூபை வெளியே எடுக்கும்போது விரலால் கிள்ளிப் பிடித்து எடுக்காவிட்டால் உள்ளிருக்கும் பால் தொண்டையில் சொட்டும்.

ஒரு கிலோ குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லியில் தொடங்கி, தாங்கினால் தினமும் ஏற்றி 150 மில்லிவரை போகலாம். இரண்டு மணிக்கு ஒருமுறை கொடுத்தால் தொடக்கத்தில் ஒரு வேளைக்கு இரண்டு மில்லிகூட வராது, முடிவில் 12.5 மில்லி. வயிறு உப்பி இறுகினாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, வாந்தியோ டியூபில் வருவதோ பச்சையாக இருந்தாலோ பாலை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இங்கே இடமில்லை.

தொடாமல் இருப்பதும் வேலைதான்

மிகக் குறைமாதக் குழந்தையின் மூளையில் ரத்தக்கசிவு வந்தால் பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்துக்குள்தான் வரும். ரத்த அழுத்தம் திடீரென்று ஏறி இறங்குவது அதற்கு வழிவிடும். தலையைப் பக்கவாட்டில் திருகாமல் உடலின் நேர்கோட்டில் வைப்பது, டயபர் மாற்றும்போது கால்களை உயரத் தூக்காமல் பக்கவாட்டில் உருட்டுவது, தொப்புள் வழியே செருகிய குழாயில் ரத்தம் எடுப்பதையும் திரும்பச் செலுத்துவதையும் நிதானமாகச் செய்வது எல்லாம் இதற்காகத்தான்.

வேலைகளைச் சேர்த்துச் செய்தால் குழந்தைக்கு இடையில் தூக்கம் கிடைக்கும் என்பது சரியே. ஆனால் எடை, டயபர், ரத்தம், எக்ஸ்ரே, டியூப் மாற்றம் அத்தனையையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டால் செவிலியருக்குத்தான் வசதி. விரல்கள் விரிவது, முதுகு வளைவது, விக்கல், கொட்டாவி, நிறம் மாறுவது ஆகியவை ‘போதும்’ என்று குழந்தை சொல்லும் வழிகள். அப்போது ஒரு கையைத் தலையிலும் மறுகையை மடித்த கால்களிலும் அசையாமல் வைத்து அது அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். தடவிக்கொடுக்க வேண்டாம், இந்த வயதுத் தோலுக்குத் தடவல் தொல்லை. குதிகாலில் குத்தும்போது நடுவில் குத்தாமல் இரு ஓரங்களில் குத்த வேண்டும், நடுவே எலும்பு மிக அருகில் இருக்கிறது. குத்துவதற்கு இரண்டு நிமிடம் முன்பு சில சொட்டு தாய்ப்பாலோ சர்க்கரைக் கரைசலோ நாக்கில் விட்டால் வலி குறையும்.

இன்குபேட்டரின் மேல் பாட்டிலை வைக்கும் சத்தமும் கதவைப் படாரென்று சாத்தும் சத்தமும் உள்ளே பல மடங்கு பெரிதாகக் கேட்கும். அதன் மேற்கூரையை மேசையாகப் பயன்படுத்தக் கூடாது.

கண் முதலில் பார்ப்பது

தொற்று தொடங்கும்போது காய்ச்சல் வந்தே தீரும் என்றில்லை, குளிர்ந்துபோகவும் கூடும். நேற்று தாங்கிய பாலை இன்று தாங்காது, தோல் திட்டுத்திட்டாக வெளுக்கும், மார்பில் விரலை அழுத்தி எடுத்தால் நிறம் திரும்ப 3 வினாடிக்கு மேல் ஆகும், தொட்டால் துவண்டு கிடக்கும். இவற்றில் ஒன்றுமே எல்லை தாண்டாதபோதும் “இந்தக் குழந்தை இன்று சரியில்லை” என்று அனுபவமுள்ள செவிலியர் சொன்னால் நல்ல மருத்துவர் எழுந்து வருவார். அந்த வாக்கியத்தோடு இரண்டு எண்களையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் சீக்கிரம் வருவார்: “காலையிலிருந்து துடிப்பு 150-லிருந்து 180 ஆகியிருக்கிறது, மூச்சு நிற்றல் நான்கு முறை, நேற்று ஒன்றுகூட இல்லை.”

செவிலியரின் கண்ணுக்கு மருத்துவ வரலாற்றிலேயே சான்று உண்டு. 1956-ல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதப் பிரிவின் பொறுப்பாளர் சிஸ்டர் ஜீன் வார்டு, வெயிலில் காட்டிய குழந்தைக்கு வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் மஞ்சள் வெளுத்திருப்பதை மருத்துவர்களிடம் காட்டினார். 1958-ல் ரிச்சர்டு கிரெமரும் சக மருத்துவர்களும் ஒளி சிகிச்சை பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். இன்று அந்த நீல விளக்கின் கீழே கிடக்கும் குழந்தைக்குக் கண்ணை மறைத்து, முடிந்த அளவு தோலைத் திறந்துவைக்க வேண்டும். விளக்கில் கிடந்த தோலின் நிறத்தை நம்பி ‘மஞ்சள் இறங்கிவிட்டது’ என்று சொல்லக் கூடாது. ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். மாதிரி எடுக்கும்போது விளக்கை அணைக்க வேண்டும்.

தொற்றைத் தடுப்பதில் கைகளுக்கு ஈடாக எதுவும் இல்லை. முழங்கைக்குக் கீழே மோதிரம், வளையல், கடிகாரம் கூடாது. ஆல்கஹால் திரவத்தால் 20 முதல் 30 வினாடி, சோப்பும் நீரும் என்றால் 40 முதல் 60 வினாடி. குழந்தையைத் தொடும் முன் மட்டுமல்ல, தொட்டபின், அதன் படுக்கையைத் தொட்டபின், போனைத் தொட்டபின்னும்.

தாயின் நெஞ்சில்

கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970-களின் இறுதியில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் எட்கர் ரே, ஹெக்டர் மார்டினெஸ் என்ற இரு மருத்துவர்கள் தொடங்கியது, குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் தோலோடு தோலாக வைத்திருக்கும் கங்காரு பராமரிப்பு. ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், உடல்நிலை நிலைபெறும்வரை காத்திருக்காமல் பிறந்த உடனேயே தொடங்கிய குழந்தைகளிடையே இறப்பு கால் பங்கு குறைந்தது. நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரை.

சிபாப்பில் இருக்கும் குழந்தையையும் இப்படி வைக்கலாம். இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் குழந்தைக்கு, ஒருவர் குழாய்களுக்கு. மாற்றும் முன் குழாயிலுள்ள நீரை வடித்துவிடுங்கள். குழந்தை டயபரும் குல்லாவுமாகத் தாயின் வெறும் மார்பில், கால்கள் தவளைபோல் மடங்க, முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கு வெளியே தெரிய, தாடை மார்பில் இடிக்காமல் இருக்க வேண்டும். குழாயைத் தாயின் உடையில் ஒட்டிவையுங்கள். ஒரு மணி நேரமாவது வைக்க முடியாவிட்டால் எடுக்கவே வேண்டாம், இடம் மாற்றுவதிலேயே குழந்தை களைத்துவிடும். தந்தையின் நெஞ்சும் இதற்குச் சரிதான். பெற்றோர் முதல் நாளில் கேட்டது எதுவும் மனதில் நிற்காது. சொன்னதையே மறுநாளும் சொல்லச் சலிக்கக் கூடாது.

வீட்டுக்கு அனுப்பும்போது

எடை எவ்வளவு என்பதைவிட நான்கு விஷயங்கள் முக்கியம். இன்குபேட்டர் இல்லாமல் சாதாரணத் தொட்டிலில் வெப்பம் நிற்கிறதா, எல்லாப் பாலையும் வாயால் குடிக்கிறதா, எடை தொடர்ந்து ஏறுகிறதா, கஃபீன் நிறுத்திய பிறகு சில நாட்கள் மூச்சு நிற்காமல் இருந்ததா. மூச்சு நிற்றல் ஒருமுறை வந்தால் நாள் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். மல்லாக்கப் படுக்க வைப்பது, பால் அளவு, மருந்து எடுக்கும் சிரிஞ்சில் எந்தக் கோடு என்பது எல்லாவற்றையும் தாயே செய்து காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘புரிந்ததா’ என்று கேட்டால் எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். விழித்திரைப் பரிசோதனை பாக்கியிருந்தால் அதன் தேதியை டிஸ்சார்ஜ் தாளின் முதல் பக்கத்திலேயே எழுதி, வாயாலும் சொல்ல வேண்டும். குழந்தை நன்றாகப் பால் குடித்துத் தேறிவரும் சமயத்தில்தான் அந்தத் தேதி வரும். அதனால்தான் பலர் அதைத் தவறவிடுகிறார்கள், ஒரு சில வாரத் தாமதத்தில் லேசர் சிகிச்சைக்கான காலம் கடந்துவிடுகிறது.